சிவப்புக்கு ஒரு நாற்காலி

பவுடரும் வியர்வையும் கலந்தால் ஒரு வாசம் வரும், ஈரச் சுண்ணாம்புச் சுவரில் யாரோ பூவைத் தேய்த்ததுபோல. எந்த ஊரில் அந்த வாசம் மூக்கில் பட்டாலும் எனக்கு ஓமான் நாட்டு சோஹாரின் ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வருகிறது. தொழிலாளர் கேம்பின் தகர அறையில் அம்மா என் அக்காவைச் சுவரோரமாக நிறுத்தி, பவுடர் டப்பாவை உள்ளங்கையில் கவிழ்த்துக் கவிழ்த்து அவள் முகத்தில் அப்பிய காலை அது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பா அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து போனவர், ஒரு கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக். குடும்பத்தை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்த ஒருசிலரில் அவரும் ஒருவர் என்பதால், கேம்பின் கோடியில் "பேமிலி ரூம்" என்று சொல்லப்பட்ட நாலைந்து தகர அறைகளில் ஒன்றில் இருந்தோம். வெயிலில் சுவரைத் தொட்டால் கை பழுக்கும். தண்ணீர் லாரி வராத நாளில் குளிக்க மாட்டோம். இதைக் கஷ்டம் என்று அப்போது எங்களில் யாரும் சொன்னதில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார இன்ஜினியர்களின் பங்களாக்கள், நடுவே ஒரு கேட், கேட்டில் காவலுக்கு, பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணி பாய். ஓர் இன்ஜினியரின் மனைவியான மேடம் ஓட்டிவரும் வண்டியின் புழுதி தூரத்தில் தெரிந்ததுமே அவர் எழுந்து கேட்டைத் திறந்து சலாம் வைப்பார். எங்கள் ஆட்கள் போனால் "கார்டு" என்று கை நீட்டுவார், கார்டைப் பார்த்த பிறகும் முகத்தை ஒருமுறை பார்ப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவருடைய "டூட்டி".

எங்கள் அறைக்குள்ளும் அப்படி ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது. நான் அம்மாவைக் கொண்டு "செவப்பு", அக்கா மல்லிகா அப்பாவைக் கொண்டு கறுப்பு. கொஞ்சம் வெளுத்த தோலைத் தமிழர்கள் ஏன் சிவப்பு என்கிறோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊரிலிருந்து அத்தை பேசி அனுப்பும் கேசட்டில், "செவத்தப் பய எப்படி இருக்கான்" என்று என்னை விசாரித்துவிட்டு, "மல்லிகாவ வெயில்ல விடாதீங்க, இருக்கிற நெறமாச்சும் நிக்கட்டும்" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள்.

மேடம் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்று சொல்லிவிட்டபோது மூன்று பெண்கள் அவர்களின் சமையலறை வாசலில் போய் நின்றார்கள். அம்மா, ஒரு டிரைவரின் மனைவி, மெஸ் சமையல்காரரின் மனைவி ராசம்மாக்கா. ராசம்மாக்கா இலங்கை மலைநாட்டுக்காரர். மஸ்கட்டில் வெள்ளைக்காரர் வீட்டில் ஏற்கெனவே வேலை பார்த்தவர், இங்கிலீஷும் கொஞ்சம் வரும். நல்ல கறுப்பு. மேடம் மூவரையும் பார்த்தார், அம்மாவின் தோளைத் தொட்டு "யூ" என்றார். திரும்பி வரும் வழியில் ராசம்மாக்கா சிரித்துக்கொண்டே, "நீ தோலுல பாஸானவ புள்ள. கேக் சுடச் சொன்னா முழிக்காத, ஓடியா, சொல்லித்தாரன்" என்றாராம். பிறகு பல நாள் அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து, அவரிடம் கேட்டுக்கொண்டு போய்த்தான் அந்த வீட்டின் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கேம்பிலிருந்து பள்ளிக்கூடம் வெகுதூரம், எங்களுக்கு வண்டி கிடையாது. அங்கே வருவதற்கு முன் அக்கா ஊரில் இரண்டு வகுப்பு படித்திருந்தாள். சாமான் கட்டிவரும் காகிதங்களைக்கூட விரித்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எனக்குப் பென்சில் பிடிக்கவும் தெரியாது. மேடம் தன் மகன் டேவிட்டுக்குத் தபாலில் வரும் புத்தகங்களை வைத்து, சாப்பாட்டு மேசையிலேயே காலையில் பாடம் நடத்துவார். பையன் தனியாக உட்கார்ந்து சலித்துப்போகிறான், உனக்குப் பிள்ளை இருந்தால் ஒன்றை அழைத்து வா, நாற்காலி போடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார்.

"மல்லிகா போகட்டும். அவதான் படிக்கிற புள்ள" என்றார் அப்பா.

"படிக்கிற புள்ளதான், யாரு இல்லன்னா? வெள்ளக்காரங்க வீட்டுக்கு அனுப்புறோம். பாத்த ஒடனே மூஞ்சி சுளிச்சிட்டா என் வேலையுமுல்ல போயிரும். இவனே போகட்டும்" என்றாள் அம்மா.

அக்கா தன் பென்சிலை மட்டும் எனக்குத் தர மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இப்படியாக அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. ஒருநாள் மேடம் எங்கள் இருவர் முன்னும் கலர் குச்சிகளைக் கொட்டி, வீட்டிலுள்ளவர்களை வரையச் சொன்னார். நான் நாலு பேரை நிறுத்தி, எனக்கும் அம்மாவுக்கும் சிவப்புக் குச்சியால் முகம் நிறையத் தீட்டினேன், அப்பாவுக்கும் அக்காவுக்கும் கறுப்பு. இவர்கள் யார் என்று கேட்டார் மேடம். "மீ ரெட். சிஸ்டர் பிளாக்" என்றேன். டேவிட் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். முந்தின நாள் கடலில் ஆடி, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து தக்காளிபோல இருந்தவன் அவன்தான். தன் மூக்கைத் தொட்டுக் காட்டி "ரெட்" என்றான். அவன் சொன்னது சரிதான், அந்த மேசையில் சிவப்பாக இருந்தது அவன் மட்டுமே. ஆனால் மேடம் சிரிக்கவில்லை. உனக்கு ஓர் அக்கா இருக்கிறாளா, அவள் ஏன் வருவதில்லை என்று கேட்டார். என்னிடம் இருந்த இங்கிலீஷுக்கு ஒரே பதில்தான் வந்தது. "பிளாக்."

அம்மாவைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கலாமா, அது தப்பில்லையா என்று, புரிய வேண்டுமே என்பதற்காக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு, யாரிடமும் எதிர்த்துப் பேசியறியாத அம்மா, தன்னிடமிருந்த வார்த்தைகளைக் கோத்து ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், த்ரீ லேடி ஸ்டாண்டிங். ஒய் மீ?"

மேடம் தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "யூ லுக்டு க்ளீன்" என்றார் கடைசியில். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து மேலேறி முகம் முழுக்கச் சிவந்துபோனது. பிறகு மெதுவாக, கேட்டைக் கையால் காட்டி, தான் போவதற்கு முன்பே தனக்கு அது திறந்துவிடுகிறது, ஏன் திறக்கிறது என்று ஒருநாளும் தான் யோசித்ததில்லை என்றார். நாளையிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வா என்றும் சொன்னார்.

இதில் பாதிதான் அம்மாவுக்குப் புரிந்தது. சாயங்காலம் அப்பாவிடம், "கேட்டதுக்கு மறைக்காமச் சொன்னா. அதுக்கும் ஒரு மனசு வேணும்" என்றாள்.

"சொன்னா சரி. ராசம்மாவுக்கு வேலையப் போட்டுக் குடுத்தாளா?"

"அதெப்படி? அது என் வேலையாச்சே."

அப்பா சிரித்தார். "க்ளீனுன்னா சுத்தம். அப்ப நானெல்லாம் அழுக்கு" என்று தன் கிரீஸ் கையைக் காட்டினார். அக்கா மூலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா அந்தப் பவுடரை எடுத்தாள். ஊருக்குப் போகும்போது கொடுப்பதற்காகப் பெட்டியில் வைத்திருந்த புது டப்பா. நெற்றி, கன்னம், காதுமடல் எதையும் விடவில்லை. அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காட்டினாள், அவளுக்கு அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். கேட்டுக்கு நடப்பதற்குள் வியர்வை பவுடருக்குள் கோடுகோடாக இறங்கிவிட்டது. என்னைத் தினமும் கன்னத்தில் தட்டி உள்ளே விடும் பட்டாணி பாய், அக்காவைப் பார்த்து "கிதர்?" என்றார், எங்கே என்று. அம்மா "மேடம், மேடம்" என்றாள்.

கதவைத் திறந்த மேடம் அந்த முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். தான் நேற்றுப் பேசிய பேச்சால்தான் அம்மா இப்படிச் செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பார், அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். உள்ளே ஓடிப்போய் ஒரு வெள்ளைத் துண்டைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து எடுத்துவந்து, அக்காவுக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, அவள் முகத்தை மெல்லத் துடைத்தார். இது வேண்டாம், உன் முகமே அழகு என்பதுபோல ஏதோ சொல்லிக்கொண்டே துடைத்தார். அக்காவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது ஒரே வார்த்தை. அது முந்தின நாள் அப்பா சொன்ன "க்ளீன்".

மேடம் சமையலறையிலிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அக்கா அதில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து பென்சிலை எடுக்கவேயில்லை.

மறுநாள் அவள் கிளம்பவில்லை. அம்மா கெஞ்சினாள், பிறகு முதுகில் ஒன்று வைத்தாள்.

"நான் வரல. என்னைய மட்டும் கழுவித்தான உள்ள விடுறாங்க" என்றாள் அக்கா.

அவள் எங்கே என்று மேடம் சில நாள் கேட்டார். "பீவர்" என்றாள் அம்மா. நடந்ததை எடுத்துச் சொல்லும் அளவுக்கு அம்மாவிடம் இங்கிலீஷ் இல்லை. அந்த வீட்டில் அந்த ஒருநாள் பேசிய உண்மைப் பேச்சு பாதியிலேயே நின்றுபோனது. சமையலறை நாற்காலி சமையலறைக்கே திரும்பியது.

அடுத்த கோடையில் மேடத்தின் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. அப்பாவின் காண்ட்ராக்ட்டும் முடிந்தது, நாங்களும் திரும்பினோம். ஊர்ப் பள்ளியில் அக்காவைத் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாள் போனாள், நின்றுவிட்டாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நானாவது கிழித்தேனா என்றால், எட்டாவதோடு ஓடிப்போய் லாரியில் ஏறியவன். பம்பாய், தோஹா தொழில்பேட்டை, குவைத்தின் மங்காஃப் என்று எங்கெங்கோ கேபிள் இழுத்துத் திரிந்தேன். ஒருமுறை சோஹாருக்கே வேலை வந்தது. எங்கள் கேம்ப் இருந்த இடத்தில் வரிசையாக கோடவுன்கள், வேலியும் இல்லை, பங்களாவும் இல்லை. ஆனால் நான் வேலை பார்த்த சைட்டில் கேட் இருந்தது. வெள்ளைக்கார இன்ஜினியரின் வண்டிக்கு அது முன்கூட்டியே திறந்தது. என்னிடம் கார்டு கேட்டார்கள், பிறகு முகத்தையும் பார்த்தார்கள். இத்தனை வருட வெயிலில் நான் அப்பாவைவிடக் கறுத்துவிட்டேன். அந்த ஊரில் காணாமல்போனவற்றில் என் சிவப்பும் ஒன்று.

போன லீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "ஆயா, இந்தத் தாத்தா ஏன் இம்புட்டுக் கறுப்பா இருக்காரு" என்றது.

"செவத்தப் பயதான், வெயில்ல காயப்போட்டு எடுக்க மறந்துட்டாங்க" என்றாள் அக்கா.

சிரித்து முடித்தபின், மேடம் துடைத்துவிட்டது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நாங்கள் அதைப் பேசியதேயில்லை. அவள் பேத்தியின் ரிப்பனை முடித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தத் துண்டு என்னா மெத்துன்னு இருந்துச்சு தெரியுமாடா. அதுக்கு முன்னாடி அப்படி ஒரு துணிய நான் தொட்டதே இல்ல. அந்தம்மா கையும் அப்படித்தான். அதான் எனக்குக் கோவம் வந்துச்சு."

பிறகு அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். பேத்தி பழக்கத்தில் கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டியது. அக்கா கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். கழுத்தில் வேர்க்குரு இருந்த இடத்தில் மட்டும் லேசாகத் தடவிவிட்டு, டப்பாவை மூடினாள்.