சாப்பிடாத வரைக்கும் காலைதான்

என் அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். சொன்ன சொல் தவறாதவர் என்று வெளியில் நல்ல பெயர். அந்தப் பெயருக்காக மனிதர் வயிற்றைக் காயப்போட்ட கதை, அதே வீட்டின் மாடியில் குடியிருக்கும் எனக்குத்தான் தெரியும்.

யார் ஃபோன் செய்தாலும் "காலையில வந்துடுறேன்" என்பார். ஒரே காலையில் நாலு வீட்டுக்கு. நாலாவது வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும். அந்த வீட்டம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"இதுதான் உங்க காலையா?"

"நான் இன்னும் மத்தியானம் சாப்பிடலையேம்மா. சாப்பிடாத வரைக்கும் காலைதான்."

சால்ஜாப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் மனிதர் நிஜமாகவே சாப்பிட மாட்டார். எங்காவது வழியில் பார்த்து நான் ஒரு பிஸ்கட்டை நீட்டினால்கூட, "வேணாம் மாப்ள, மத்தியானம் ஆயிடும்" என்பார். ஒருநாள் ஆறு வீடு. தெருவிளக்கு எரிந்த பிறகு கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து, "அப்பாடா, மத்தியானம் ஆச்சு" என்றார். அக்கா தட்டை வைத்த சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? போன மாதம் சுருண்டு படுத்துவிட்டார். அடுத்த தெரு டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "புண்ணாக்கி வச்சிருக்கீங்க. இனிமே ஒரு மணிக்குத் தட்டு முன்னால உட்காரணும். இல்லன்னா ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்" என்றார். அக்கா அழுதாள். அத்தானும் கலங்கித்தான் போனார், ஆனால் வேறு காரணத்துக்காக.

"ஒரு மணிக்கே மத்தியானம் வந்துட்டா, நான் குடுத்த வாக்கெல்லாம் பொய்யாயிடுமே."

ஒரு காலைக்கு இரண்டு வீடு மட்டும் ஒத்துக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "தண்ணி இல்லாம கூப்பிடுறவங்ககிட்ட நாளைக்குன்னு எப்படி மாப்ள சொல்றது?" என்றார்.

மறுவாரமே டாக்டர் வீட்டு மோட்டார் மண்டையைப் போட்டது. வழக்கம்போல "காலையில வந்துடுறேன்". அன்று எனக்கு லீவு. முதல் இரண்டு வீடுகளை முடித்துவிட்டு டாக்டர் வீட்டுக்குப் போகிற வழியில், சரியாக ஒரு மணிக்கு எங்கள் வாசலைத் தாண்டப் பார்த்தவரை அக்கா மறித்து உள்ளே இழுத்துவந்தாள். சாப்பாடு தயாராக இருந்தது. அத்தான் தட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஃபோனை எடுத்தார்.

"டாக்டர், மணி ஒண்ணு. இப்ப சாப்பிட்டா உங்களுக்குச் சொன்ன காலை போயிடும். சாப்பிடாம வரட்டுமா?"

பாவம் டாக்டர், வைத்தியமா குளியலா என்று தவித்திருப்பார்.

"நான் இன்னும் குளிக்கலை" என்றார் கடைசியில். "குளிக்காத வரைக்கும் எனக்கும் காலைதான். நீங்க சாப்பிட்டுட்டு வாங்க."

அத்தானின் முகம் தெளிந்தது. தண்ணீர் வராத வீட்டில் யார் குளித்திருக்கப் போகிறார்கள்? இவர் போய் மோட்டாரைத் தொடும்வரை அந்த வீடெல்லாம் காலையிலேயேதான் நிற்கும். இருபது வருஷமாக இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் வாய் வைத்தவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"என்ன, சாப்பாடு இவ்வளவு சூடா இருக்கு?"

"ஒரு மணிக்கு எப்பவும் சூடாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா.