கூஜாவில் அணைந்த பச்சை

நான் வீட்டு நர்ஸாக இருந்து பார்த்துக்கொண்ட அம்மாளின் மருமகளை எல்லாரும் மின்மினி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அவளுடைய ஆய்வுக்கூடத்து ஆட்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்தை ஒளிரும் சாயம் விட்டுக் கண்டுபிடிப்பது அவள் வேலை. சாயம் பட்ட கையுறையோடு மூக்கைச் சொறிந்துகொள்வாள். ஊதா விளக்கின் முன்னால் நின்றால் மூக்கு நுனி பச்சையாக மின்னும்.

வேலையில் கெட்டி. வீட்டில்தான் சிக்கல். மாமியாருக்குத் தினமும் காலையில் வாந்தி.

"உன் சமையல் எனக்கு ஒத்துக்கல. நான் சின்னவன் வீட்டுக்கே போறேன்" என்று அம்மாள் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். மின்மினியின் முகம் தொங்கிப்போயிற்று. மாலையில் இருவரும் சீட்டாடுவார்கள். அவளுக்கு ஈடுகொடுத்து ஏமாற்ற அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டே மின்மினியிடம் சொன்னேன்: "வாந்தி சாப்பாட்டுக்கு முன்னாடியே வருது. சமையல் என்ன பண்ணும்? எழுந்ததும் குடிக்கிற எலுமிச்சைத் தண்ணியப் பாரு. ராத்திரி முழுக்க அந்தச் செம்புக் கூஜாவுலதான் கிடக்கு."

மறுநாளே ஆய்வுக்கூடத்திலிருந்து சாயமும் ஊதாக் கைவிளக்கும் வந்தன. சமையலறைத் திரையை இழுத்துவிட்டு மூன்று தம்ளர்களை வைத்தாள். குழாய்த் தண்ணீர், கண்ணாடி ஜாடியில் வைத்த எலுமிச்சைத் தண்ணீர், கூஜாவில் வைத்தது. சாயம் விட்டு விளக்கைக் காட்டியதும் முதல் இரண்டும் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தன. மூன்றாவது இருண்டே கிடந்தது.

அம்மாள் கைதட்டினார். "பாத்தீங்களா நர்ஸம்மா! என் கூஜாத் தண்ணி சுத்தம். குழாய்த் தண்ணிதான் பல்லக் காட்டுது!"

"ஐயோ அத்தை, இந்தச் சாயம் தலைகீழ். செம்பப் பாத்தா அணைஞ்சிடும்."

"தோத்தா ஆட்டத்தையே மாத்துவியே, அந்தக் கதைதானே இது?"

மின்மினி இன்னொரு புட்டியைத் திறந்தாள். தண்ணீரிலுள்ள செம்பைக் கவ்விக்கொள்ளும் வெள்ளைப் பொடியை மூன்றாவது தம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். பச்சை மெல்லத் திரும்பி வந்தது. புளிப்பு கூஜாவை அரித்திருக்கிறது; தண்ணீரில் இறங்கிய செம்புதான் வயிற்றைப் புரட்டியிருக்கிறது.

அம்மாள் கூஜாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சின்னவன் ஆசையா வாங்கிக் குடுத்ததுடி."

"சீட்டுக்கட்டப் போட்டு வைக்கலாம் அத்தை. அது புளிக்காது."

அதற்குப் பிறகு கண்ணாடி ஜாடிதான். வாந்தி நின்றது. ஒருநாள் காலை சாப்பிடும்போது, "உப்பு கம்மி" என்றார். வாய்க்கு ருசி தெரிந்துவிட்டது. பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினேன்.

"யாரு எடுத்து வைக்கச் சொன்னது?" என்று மாலையில் அம்மாள் அதட்டினார், கூஜாவிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தபடியே.