வெள்ளவத்தையில் தவறவிட்ட எரிநட்சத்திரங்கள்

வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கும் அலைக்கும் நடுவே பாய் விரித்து மல்லாந்து கிடக்கிறேன். இரண்டாம் உலக யுத்தகால இருட்டடிப்பில் கொழும்பே விளக்கணைந்து கிடப்பதால் வானம் நிறைய நட்சத்திரங்கள். விடைத்தாள் திருத்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விஞ்ஞான வாத்தியார் நான். ஆனால் மார்கழியில் ஆண்டுதோறும் வரும் எரிநட்சத்திர மழை விடைத்தாளுக்காகக் காத்திருக்காது. மணிக்கு எத்தனை விழுகிறது என்று எண்ணி, லண்டனிலுள்ள ஒரு சங்கத்துக்கு அனுப்பப்போகிறேன். என் கணக்கை அவர்கள் நம்பவேண்டும் என்பதுதான் இப்போதைய பேராசை. ஒன்று விழுந்தால், இருட்டிலேயே சங்கம் அனுப்பிய தாளில் ஒரு கோடு கிழிக்கிறேன்.

எங்காவது விளக்கு எரிகிறதா என்று ரோந்து வரும் வார்டன் என்னை ஒற்றனென்று நினைத்து அதட்டுகிறார். கிட்ட வந்ததும் பார்த்தால், பக்கத்துத் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அசீஸ் நானா. விஷயத்தைச் சொன்னதும் அருகில் குந்தி, அவரும் அண்ணாந்து பார்க்கிறார். அரை மணி போகிறது.

"எத்தின மாஸ்டர்?"

"பதினொண்டு, நானா," என்கிறேன் பெருமையாக.

"நான் பதினெட்டுக் கண்டேன். ஒவ்வொண்டு விழக்குள்ளயும் நீங்க திரும்பி அந்தத் தென்னமரத்தப் பாக்கிறீங்களே, ஏன்?"

எனக்கே அப்போதுதான் தெரிகிறது. எரிநட்சத்திரம் கண்ட கண்ணால் உடனே பச்சை மரத்தைப் பார்க்காவிட்டால் கூடாது என்று சின்ன வயதில் அம்மா பழக்கியது. பி.எஸ்ஸி. படித்தது தலை மட்டும்தான், கழுத்து படிக்கவில்லை.

தாளின் அடியில், பார்வைக்கு என்ன தடை இருந்தது என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. வானத்தில் பொட்டு முகில்கூட இல்லை.

'முகில்' என்று எழுதுகிறேன்.