எலிக்கூடத்து அப்பாவு

வாரத்துக்கு இருபது எலிகளின் தலையை வெட்டுவது அப்பாவுவின் வேலை. 1955இல் திருப்பதியில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். எலியைத் துணியில் சுற்றிப் பிடித்துக் கத்தியை இறக்கி, துடிப்பு அடங்குமுன் மண்டையை உடைத்து மூளையைப் பனிக்கட்டியில் போட வேண்டும். தாமதித்தால் மூளையிலுள்ள அசிட்டைல்கோலின் சிதைந்துபோகும் என்பார் ஆராய்ச்சியாளர் சிவசங்கரன். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்வது அந்தப் பொருளால்தான். அரைத்த மூளைச் சாற்றைத் தவளையின் வயிற்றுத் தசைமேல் விடுவார். தசை சுருங்குவதைக் கொண்டு அளவைக் கணக்கிடுவார்.

வெட்டுவதற்கு முன் அதே எலிகளைப் பத்து நாள் பழக்குவதும் அப்பாவுதான். வளைந்து வளைந்து போகும் பலகைப் பாதையின் முடிவில் வேர்க்கடலை வைப்பார். அசிட்டைல்கோலின் சிதையாமல் தடுக்கும் மருந்தைத் துளியளவு கொடுத்தபோது சில எலிகள் நாலே நாளில் வழி கற்றுக்கொண்டன. ஒருமுறை மருந்து கூடிப்போயிற்று. வாயில் நுரை தள்ளி, சதை துள்ளத் துள்ள, ஆறு எலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறின. பிரிக்கப் போன அப்பாவுவின் கட்டைவிரலிலும் பல் இறங்கியது. எல்லா எலிகளின் கண்மணியும் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

1957 ஐப்பசியில் புத்தூருக்குப் பக்கத்திலிருந்த தம் ஊருக்குப் போனார். ஆந்திர எல்லைப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஊரைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட மனுவில் பக்கத்து நிலத்து முனிகிருஷ்ணன் மட்டும் கைநாட்டு வைக்கவில்லை. அவர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். அதிலிருந்து அப்பாவுவின் அண்ணன் சண்முகம் அவரோடு பேசுவதில்லை.

அப்பாவு வந்த மறுநாள் மதியம் சண்முகத்தின் செவலைக் காளை தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. சிறிது நேரத்தில் அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. எச்சில் கயிறாகத் தொங்கியது. அண்ணி தாட்சாயணி முளையில் கட்டப் போனாள். பிள்ளைபோலப் பழகிய மாடு அவளைக் கொம்பால் தூக்கிச் சுவரில் அறைந்தது. விழுந்தவளை மறுபடி குத்தியது. வயிறு கிழிந்தது. ஓடிவந்தவர்கள் கடப்பாரையாலும் உலக்கையாலும் அடித்து மாட்டைச் சாய்த்தார்கள். அதற்குள் தாட்சாயணியின் உயிர் போயிருந்தது.

முனிகிருஷ்ணன்தான் மாட்டுக்கு விஷம் வைத்தான் என்று யாரோ சொன்னார்கள். ரத்தம் தோய்ந்த கடப்பாரையோடு சண்முகம் ஓட, பத்துப் பதினைந்து பேர் பின்னால் ஓடினார்கள்.

அப்பாவு மாட்டின் இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாக இருந்தது. தொட்டியைப் போய் முகர்ந்தார். பூண்டு வாடை அடித்தது. நெல்லுக்கு அடிக்க அந்த வருஷம் புதிதாக வந்த பூச்சிமருந்தின் வாடை அது. தொட்டிக்கு அடியில் அந்த டப்பாவின் மூடி கிடந்தது. காலையில் அண்ணன் அங்கே ஒரு டப்பாவைக் கழுவியதை அவர் பார்த்திருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது முனிகிருஷ்ணனை வரப்பில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கண்ணிலிருந்து ரத்தம் கொட்டியது. அப்பாவு அவர்மேல் விழுந்து மறைத்துக்கொண்டார்.

"அண்ணா, காலையில மருந்து டப்பாவ தொட்டியில கழுவுனது யாரு?"

சண்முகம் தம்பியை இழுத்துத் தள்ளப் பார்த்தார்.

"நீதான கழுவுன. எலிக்கு நான் குடுக்கற மருந்தும் அதுவும் ஒரே வேலதான் செய்யுது. மூளையில அந்தச் சரக்கு ஏறிக்கினே போயி மாடு வெறி புடிச்சிருக்குது. இவரு இன்னா பண்ணாரு?"

சண்முகம் கடப்பாரையைத் தம்பிமேல் இறக்கினார். வலது மணிக்கட்டு நொறுங்கியது. இன்னொரு முறை ஓங்கினார். கூட வந்தவர்களே அவரைப் பிடித்து இழுத்தார்கள். காலையில் டப்பா கழுவியதைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்திலும் இருந்தார்கள். ஒவ்வொருவராக நழுவினார்கள்.

முனிகிருஷ்ணனுக்கு ஒரு கண் போயிற்று. தாட்சாயணியின் காரியம் முடிந்த மறுநாள் சண்முகம் அவர் வாசலில் போய் நின்றார். முனிகிருஷ்ணன் கதவைத் திறக்கவில்லை. சண்முகம் பொழுது சாயும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார். 1960இல் எல்லை முடிவானபோது ஊர் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. சண்முகம் அரக்கோணத்துக்குப் போய்விட்டார். தம்பியோடு கடைசிவரை பேசவில்லை.

மணிக்கட்டு கோணலாகக் கூடியதால் அப்பாவுவால் கத்தி பிடிக்க முடியவில்லை. சிவசங்கரன் அவரை எலிகளைப் பழக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவு பஸ் ஏறிக் கார்வேட்டிநகரம் பக்கத்து ஊர்களுக்குப் போவார். மருந்து டப்பாவை மாட்டுத் தொட்டியில் கழுவக் கூடாது என்று தமிழிலும் தெலுங்கிலும் சொல்வார். யார் வீட்டில் அப்படி நடந்தது என்று கேட்டால் அண்ணன் பெயரையும் அண்ணி பெயரையும் மறைக்காமல் சொல்வார்.