மோட்டார் உக்கிரபாண்டியின் அறுநூற்றுப் பன்னிரண்டாவது பதிவு

ராஜபாளையத்தில் உக்கிரபாண்டி என்ற பெயரில் பத்துப் பேராவது இருப்பார்கள். முன்னால் ‘மோட்டார்’ ஒட்டிக்கொண்ட உக்கிரபாண்டி ஒருவர்தான். இதை அவரே சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். எழுபத்திரண்டு வயதுக்குள் கிணற்று மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் கட்டும் சொந்தப் பட்டறை, மாடி வீடு, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் எல்லாம் முடித்தாயிற்று. ஆனால் வாழ்க்கையில் என்ன சாதித்தீர்கள் என்று கேட்டால் இவற்றில் ஒன்றையும் சொல்லமாட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செல்போனை நீட்டுவார்.

“பதினாறு வருசமா பிளாக்கு எழுதுதேன். படிச்சுப் பாருங்க.”

அந்த வலைப்பூ தொடங்கிய கதை சின்னது. பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் ஜோயல் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். ஒருநாள் டீ குடிக்கப் போனவருக்கு ஜோயல் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவர் தன் வீட்டு ரோஜாச் செடியைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். உக்கிரபாண்டி அதை விரல் வைத்து முழுசாகப் படித்தார்.

“ஒரு ரோசாச் செடிக்கே இம்புட்டு எழுதுதாம்னா, நான் ஏறி இறங்கின கிணத்துக்கு எம்புட்டு எழுதலாம்” என்றார்.

“எழுதுங்க அண்ணாச்சி, யாரு வேண்டாங்கா” என்றார் ஜோயல்.

இரண்டு விரலால் தட்டித் தட்டி முதல் பதிவை முடிக்க மூன்று நாள் பிடித்தது. ‘ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு மாந்தோப்பு. ஏழரை குதிரைசக்தி மோட்டார். காயில் கருகல். கட்டியாச்சு. ஓடுது.’ அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி மாடத்தியிடம், “ஏட்டி, ஒலகம் முச்சூடும் நான் எழுதினதப் பாக்கலாம்” என்றார். “மொதல்ல நம்ம வீட்டு மிக்சிய வந்து பாருங்க, நாலு நாளா ஓடல” என்றாள் அவள்.

ஐந்தாறு மாதம் ஜோயலைத் தவிர யாரும் படிக்கவில்லை. பிறகு ஒருநாள் செட்டியார்பட்டிக் கிணறு ஒன்றைப் பற்றிப் படத்தோடு போட்ட பதிவின் கீழே நான்கு வரி வந்து விழுந்தது. எழுதியவர் வேல்பாண்டி, ஜம்முவில் ராணுவத்தில் இருப்பவர். ‘அண்ணாச்சி, கிணத்து மேட்டுல துண்டக் கட்டிட்டு நிக்கது எங்க ஐயா. ரெண்டு வருசமா அவியளப் பாக்கல. இங்கன பனிக்குள்ள உக்காந்து பாக்கேன்.’ உக்கிரபாண்டி அந்த நான்கு வரியைக் காகிதத்தில் அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். இன்றைக்கும் கிரீஸ் கறையோடு இருக்கிறது.

அன்று முதல் ஒரு வேலையைக்கூட எழுதாமல் விட்டதில்லை. அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார். காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டி முடித்த மோட்டாரின் மேல்மூடிக்கு உள்பக்கம் வேலை எண்ணையும் தேதியையும் உளி போன்ற எண் அச்சுகளை வைத்துச் சுத்தியலால் குத்துவார். மூடிய பின் போல்ட்டுகளின் தலைமேல் பச்சைப் பெயின்ட் இழுப்பார். வேறு கை பட்டால் பெயின்ட் உடைந்துவிடும். இரும்பில் குத்திய அதே எண்தான் வலைப்பூவிலும் தலைப்பு. யாருடைய கிணறு, எத்தனை அடியில் தண்ணீர், யார் யார் நின்றார்கள், மதியம் என்ன சாப்பாடு என்பது வரை அதில் இருக்கும். எழுதியதைப் பின்னால் திருத்தவும் மாட்டார், அழிக்கவும் மாட்டார். தப்பு நேர்ந்தால் தப்பையும் எழுதுவார்.

மாடத்தியின் தம்பி ஜெயபாண்டி, ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், இதைப் பார்க்கும்போதெல்லாம் வாயைக் கொடுப்பார்.

“மச்சான், கருவாட்டுக் கொழம்பு தின்னதெல்லாம் எவன் படிக்கான்?”

“நீ ஸ்டேசன்ல முப்பது வருசம் எழுதினியே மாப்பிள, அத எவன் படிச்சான்?”

இப்படியே போய்க்கொண்டிருந்தது, சோழபுரத்திலிருந்து வெள்ளைத்தாய் பட்டறைக்கு வந்த நாள் வரை.

வெள்ளைத்தாய் இறந்துபோன சோணைமுத்துவின் மனைவி. இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தாள், கதிர் பிடிக்கும் பருவம். தண்ணீர் பக்கத்துக் கிணற்றிலிருந்து. கிணறு ஆவுடையப்பன் நிலத்தில் இருந்தாலும் வாரத்தில் வியாழனும் வெள்ளியும் சோணைமுத்து முறை. அந்த இரண்டு நாள் மோட்டாரைப் போட்டுத் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம். இரண்டு பேரும் வாய்ப்பேச்சிலேயே வைத்துக்கொண்ட ஏற்பாடு, பத்திரத்தில் ஒரு வரி கிடையாது. இப்போது இருவருமே இல்லை. சென்னையில் இருக்கும் ஆவுடையப்பன் பிள்ளைகள் நிலத்தை ராம்கி என்பவருக்கு விற்றுவிட்டார்கள். பத்திரத்தில் கிணறு முழுசும் அவருக்கு என்று இருந்தது. அவர் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

“கோர்ட்டுல கேஸ் போட்டாச்சு அண்ணாச்சி. எங்க முறைக்குச் சாட்சி வேணுங்காவ. ஆவுடையப்பன் அண்ணாச்சியும் போயிட்டாவ, எங்க வீட்டுக்காரரும் போயிட்டாவ. அந்த மோட்டாரக் கட்டி எறக்கினது நீங்கதான. வாரத்துல ரெண்டு நாத் தண்ணி இல்லைன்னா சோளம் அம்புட்டும் கதிரில்லாம வெறுந் தட்டையாப் போயிரும்.”

உக்கிரபாண்டி செல்போனை எடுத்தார். செத்த நேரம் தேடினார். பிறகு அவளுக்குப் படித்துக் காட்டினார்.

‘வேலை எண் 612. 14.3.2013. சோழபுரம், ஆவுடையப்பன் கிணறு. இதில் வியாழன் வெள்ளி சோணைமுத்து முறை, மற்ற அஞ்சு நாள் ஆவுடையப்பன் முறை. ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின மோட்டார். இன்று வியாழன் என்பதால் முதல் தண்ணி சோணைமுத்து வயலுக்குத்தான் என்று ஆவுடையப்பனே சுவிட்சைப் போட்டார். மதியம் அவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. இன்று ஒரு தப்பு செய்தேன். எண் குத்தும்போது பேச்சுவாக்கில் ஆறாம் நம்பர் அச்சைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். இரும்பில் 912 என்று இருக்கும். இரும்பை அழிக்க முடியாது. உக்கிரபாண்டி கட்டினதைப் பத்து வருசத்துக்குத் திறக்க வேண்டியிருக்காது, அதனால் யாரும் பார்க்கப்போவதும் இல்லை.’

வெள்ளைத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரரு, கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு அன்னைக்குப் பூரா சொல்லிக்கிட்டே இருந்தாவ” என்றாள்.

அன்று சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்ட ஜெயபாண்டி நேராக வந்தார்.

“மச்சான், அச்செடுக்கதுக்கு முன்னால அந்த 912 வெவகாரத்த எடுத்துருங்க. நம்ம தப்ப நாமளே கோர்ட்டுல நீட்டலாமா? நம்பர்கூட ஒழுங்காப் போடத் தெரியாத ஆளுன்னு ஒரே போடாப் போட்டுருவான்.”

“பதினாறு வருசமா ஒரு எழுத்தத் தொடல மாப்பிள. இப்ப தொட்டா மிச்ச ரெண்டாயிரத்துச் சொச்சமும் பொய்யாப் போயிரும்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் 912-ஐக் கவனிக்கவே இல்லை. அவர் வேறு இடத்தில் அடித்தார். இந்த மாதிரி வலைப்பூவில் இன்றைக்கு எழுதி, பத்து வருஷத்துக்கு முந்தைய தேதியைப் போடலாம், பெரியவர் நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் உக்கிரபாண்டி ஜோயலுக்குப் போன் போட்டார். “ஏலே ஜோயலு, அப்பிடிப் போடலாமாலே?”

“போடலாம் அண்ணாச்சி” என்றார் ஜோயல் தயங்கி. “நம்ம பதிவுத் தேதிய நாமளே மாத்தலாம்.”

வழிநெடுக பஸ்ஸில் உக்கிரபாண்டி அந்தப் பதிவையே திறந்து திறந்து பார்த்தார். காசு பணத்தில் ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. ராஜபாளையத்தில் இறங்கும்போதுதான் ஒன்று பிடிபட்டு, படியிலேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து கண்டக்டர், “பெருசு, எறங்குதியளா, உள்ள போறியளா” என்றார். உக்கிரபாண்டி இறங்கி, அங்கேயே நின்று வெள்ளைத்தாயின் வக்கீலுக்குப் போன் செய்தார்.

“சார், செல்லுல இருக்கதத்தான மாத்த முடியும்? கெணத்துக்குள்ள கெடக்க இரும்ப மாத்த முடியாதுல்லா. மோட்டாரத் தூக்கித் தொறக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டாரே தவிர வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு வருஷம். நடுவில் யாராவது அந்த மோட்டாரைத் திறந்து கட்டியிருந்தால் மூடியே மாறியிருக்கும். மூடி மாறியிருந்தால் வெள்ளைத்தாயின் வியாழனும் வெள்ளியும் போச்சு.

“ஒங்க கட்டு மேல ஒங்களுக்கே சந்தேகமா?” என்றாள் மாடத்தி.

“என் கட்டு மேல சந்தேகமில்ல. ஊருக்குள்ள கரண்டு வார லட்சணம் எனக்குத் தெரியும்லா.”

பத்து நாளில் நீதிமன்றம் மகாலட்சுமி என்ற இளம் வக்கீலை ஆணையராகப் போட்டது. கிணற்றை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியது அவர் வேலை. அதற்குள் வெள்ளைத்தாயின் சோளத்தில் கீழ் இலைகள் சுருள ஆரம்பித்திருந்தன.

அன்று காலையில் கிணற்றுமேட்டில் சின்னக் கூட்டம். உக்கிரபாண்டி மோட்டாரைத் தொடக் கூடாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், செட்டியார்பட்டி மெக்கானிக் பால்ச்சாமியை ராம்கி கூட்டி வந்திருந்தார். பால்ச்சாமிக்கும் உக்கிரபாண்டிக்கும் தொழிலில் முப்பது வருஷப் போட்டி.

“அண்ணாச்சி, நீங்க கட்டினத நான் தொறக்கணும்னு எழுதியிருக்கு பாருங்க” என்றார் பால்ச்சாமி, மோட்டாரைத் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டிக்கொண்டே.

“தொறந்துட்டு அப்பிடியே பாத்துப் படிச்சுக்க. ஓசிதான்” என்றார் உக்கிரபாண்டி.

முக்கால் மணி நேரத்தில் மோட்டார் பாசி பிடித்து மேலே வந்தது. பால்ச்சாமி சாக்கால் துடைத்தார். உக்கிரபாண்டி ஐந்தடி தள்ளி நின்று கழுத்தை நீட்டினார். நான்கு போல்ட்டுத் தலையிலும் மங்கிப்போன பச்சை, ஒரு கீறல் இல்லை.

“பன்னெண்டு வருசம். ஒருத்தன் கையும் படல. சும்மாவா” என்று தனக்குத்தானே சொன்னார். கிணற்றுமேட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

பெயின்ட்டைப் படம் எடுத்த பிறகு மூடியைக் கழற்றினார்கள். பால்ச்சாமி உள்பக்கத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, குனிந்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

“ஒம்பது. ஒண்ணு. ரெண்டு. தொள்ளாயிரத்துப் பன்னெண்டு. கீழ தேதி இருக்கு, பதினாலு, மூணு, பதிமூணு.”

எதிர்த்தரப்பு வக்கீல் முகம் மலர்ந்துவிட்டது. “மேடம், குறிச்சுக்கோங்க. பதிவுல 612ன்னு இருக்கு, மோட்டார்ல 912. இது அந்த மோட்டாரே கிடையாது. இவர் எழுதினது அத்தனையும் கதை.”

வெள்ளைத்தாய் உக்கிரபாண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

“அம்மா, வக்கீலய்யா தலைப்ப மட்டும் படிச்சிருக்காவ. கருவாட்டுக் கொழம்புக்குப் பொறவு என்ன எழுதியிருக்குன்னு சத்தமாப் படிங்க.”

மகாலட்சுமி கையிலிருந்த தாளைப் புரட்டிப் படித்தார். ‘ஆறாம் நம்பர் அச்சைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். இரும்பில் 912 என்று இருக்கும்.’ படித்துவிட்டு மூடியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பால்ச்சாமிதான் முதலில் பேசினார்.

“மேடம், எங்க செட்டுல ஆறுக்கும் ஒம்பதுக்கும் ஒரே அச்சுதான். திருப்பிப் பிடிச்சா மாறிரும். நானும் குத்தியிருக்கேன். ஆனா வெளிய சொன்னதில்ல.”

அச்செடுத்த தாளில் வராத ஒரு கருத்தும் அந்தப் பதிவின் கீழே இருந்தது. மகாலட்சுமி அதைத் தன் செல்போனில் திறந்து பார்த்தார். பதிவு வந்து இரண்டு நாள் கழித்து ஜம்முவிலிருந்து வேல்பாண்டி எழுதியது. ‘அண்ணாச்சி, 612ல இருந்து 912க்குத் தாவிட்டியளே. ஒரே நாள்ல முந்நூறு மோட்டாரா கட்டினிய?’

“இந்தத் தேதிய நான் மாத்த முடியாதுல்லாம்மா, அது அந்தத் தம்பி எழுதினது” என்றார் உக்கிரபாண்டி. “மூடியத் தொறக்காம உள்ள 912ன்னு இருக்கது எவனுக்குத் தெரியும்? குத்தினவனுக்குத்தான் தெரியும். குத்தின அன்னைக்கு எழுதினவனுக்குத்தான் தெரியும்.”

எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராம்கி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மூடிக்கு அருகே குத்தவைத்து அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

“பெரியவரே, எனக்கு வித்தவங்க முறை இருக்குன்னு சொல்லவே இல்ல. தெரிஞ்சிருந்தா பெட்டியப் பூட்டியிருக்க மாட்டேன்.”

“அது எனக்கும் தெரியும். ஒங்களப் பத்தித் தப்பா ஒரு வரி எழுதல பாருங்க.”

“எழுதுவீங்களா?”

“சாவியக் கொடுத்தா நல்லவிதமா எழுதுவேன்.”

அடுத்த வாய்தாவில் இரு தரப்பும் சமாதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வியாழனும் வெள்ளியும் வெள்ளைத்தாய் முறை. இந்தத் தடவை அது காகிதத்திலும் ஏறியது. அதற்கு முன்பே, மோட்டாரைத் தூக்கிய அன்று சாயங்காலமே, ராம்கி சாவியை அனுப்பிவிட்டார்.

அன்று மோட்டாரை மூடும் வேலையைப் பால்ச்சாமி உக்கிரபாண்டியிடமே விட்டார். “ஒங்க பெயின்ட்டு, நீங்களே அடிங்க.” மூடும் முன் உக்கிரபாண்டி 912-க்கும் பழைய தேதிக்கும் கீழே அன்றைய தேதியைக் குத்தினார். மூன்று முறை அச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குத்தினார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை காலை வெள்ளைத்தாய் சுவிட்சைப் போட்டாள். குழாய் ஒருமுறை இருமி, பிறகு தண்ணீரைக் கொட்டியது. வாய்க்காலில் புழுதியையும் சருகையும் தள்ளிக்கொண்டு அது முதல் பாத்திக்குள் நுழைவதை உக்கிரபாண்டி வரப்பில் நின்று படம் எடுத்தார்.

“அண்ணாச்சி, சாப்பிட்டுத்தான் போகணும். கருவாட்டுக் கொழம்பு. இன்னைக்குப் புளி கம்மி” என்றாள் வெள்ளைத்தாய்.

“அதையும் எழுதணும்லா” என்றார்.

மதியமே பதிவு போட்டார். சாயங்காலத்துக்குள் நூற்றுப் பத்துப் பேர் படித்திருந்தார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுச் செட்டியார்பட்டியில் இருக்கும் வேல்பாண்டி முதலில் எழுதியிருந்தார். ‘அண்ணாச்சி, அந்த முந்நூறு மோட்டார் இன்னும் பாக்கி.’ அதற்குக் கீழே இன்னொருவர், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக. ‘பதிவு முழுவதும் படிக்கப்பட்டது. உண்மை என அறியப்படுகிறது. ஜெயபாண்டி, தலைமைக் காவலர், ஓய்வு.’

உக்கிரபாண்டி அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார், வேல்பாண்டியின் நான்கு வரிக்குப் பக்கத்தில், பட்டறைக்கு வரும் எவர் கண்ணிலும் படுகிற உயரத்தில்.