சீப்பு மாட்டாத மெஷின்

எங்க தெருவுல இன்னைக்குப் பெரிய மனுஷன், சின்ன மனுஷன் எல்லாரும் சலூன்காரர் பொண்ணு முன்னாடிதான் தலை குனியறாங்க. அவ கத்திரி பிடிச்ச கதை முழுசா எனக்குத்தான் தெரியும். பக்கத்துக் கடையில துணி தேய்க்கிறவன் நான். கைக்குத்தானே வேலை, கண்ணும் காதும் சும்மாதானே இருக்கு!

பன்னெண்டாவது பரீட்சை முடிஞ்ச கையோட, "நானும் முடி வெட்டறேம்ப்பா"ன்னு நின்னா. அவர் மசியல.

"பொண்ணு கையில எவன் தலையக் கொடுப்பான்? ஒருத்தன் தானா வந்து உட்காரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

ரெண்டாவது நாற்காலி காத்து வாங்கிட்டுக் கிடந்துச்சு. ஒருநாள் காலையில அதுல வந்து உட்கார்ந்தான் அவகூடப் படிச்ச ஒட்டடைக்குச்சி. பேருக்கேத்த ஆளு. மத்தியானம் ஓட்டல் வரவேற்புல வேலைக்கு இன்டர்வியூ. மூஞ்சியும் முடியும் பார்த்துதான் ஆள எடுப்பாங்க.

"டேய், போயிட்டு வந்து உட்காருடா. ஏதாவது ஆயிட்டா?"

"இந்த மூஞ்சிக்கு இன்னும் என்னடி ஆகப்போகுது? வெட்டு."

பதட்டத்துல அவ முடி வெட்டற மெஷின்ல, ஒட்ட வழிச்சிடாம தடுக்கிற சீப்ப மாட்ட மறந்துட்டா. 'சர்ர்'ருன்னு ஒரே இழுப்பு. காதுக்கு மேல ஒத்தையடிப் பாதை மாதிரி தோல் தெரியுது! நான் இஸ்திரிப் பெட்டிய சட்டை மேலயே விட்டுட்டு எட்டிப் பார்த்தேன். அந்தக் காலர் போன கதை வேற.

"நகரு, நான் பார்த்துக்கறேன்"னு அப்பா எழுந்துட்டார்.

அவ நகரல. மறைக்கவும் இல்ல. கைக்கண்ணாடிய எடுத்து அவனுக்கே காட்டினா.

"தப்பு பண்ணிட்டேன்டா. சுத்தி ஒட்ட இறக்கி, மேல நீளமா விட்டா சரியா வரும். நான் முடிக்கவா, அப்பா முடிக்கட்டுமா?"

பய அப்பா பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க உட்காருங்க. அவளே முடிக்கட்டும்."

முடிச்சா பாருங்க, குச்சி ராணுவ அதிகாரியா எழுந்தான்! அப்பா அவன் தலைய இப்படியும் அப்படியும் திருப்பிக் குறை தேடினார். ஒண்ணும் சிக்கல.

அவனுக்கு வேலை கிடைச்சுச்சு. அதவிடப் பெரிய சேதி மறுநாள் காலையில. கடையத் திறந்ததும் சலூன்காரர் நேரா ரெண்டாவது நாற்காலியில போய் உட்கார்ந்தார். "சீப்ப மாட்டிட்டியாம்மா?"ன்னு மட்டும் கேட்டுட்டு, நிம்மதியாக் கண்ண மூடிக்கிட்டார்.