மூசைக்குள் போகாத ஏழு காசுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் பூபதியைப் போல நிதானமாக வெள்ளி உருக்குகிறவர் வேறு யாரும் இல்லை. அறுந்த கொலுசானாலும் நசுங்கிய குங்குமச் சிமிழானாலும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மூசைக் குடுவையில் போட்டு நெருப்பில் வைப்பார்.

"வெள்ளி உருக்கறயா, பொண்ணு பாக்கறயா?" என்று பக்கத்துப் பட்டறை தனசேகர் சீண்டுவார். பூபதி சிரித்துக்கொள்வார்.

ஒருநாள் சங்ககிரிப் பக்கமிருந்து சின்னாயி என்ற பெண்மணி வந்தார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியபோது மண்ணோடு வந்த ஏழு வெள்ளிக் காசுகளை முந்தானையிலிருந்து அவிழ்த்தார். லாரி ஓட்டும் மகன் இளவழகனுக்குக் கண்ணில் கம்பி குத்தி, ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை திரும்பியிருந்தது. மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டுதல். மறுநாள் கோயிலில் பொங்கல்.

"அம்மனே குடுத்த காசு சாமி. கையில வேப்பங்கொத்தோட உக்காந்திருக்கா பாரு. உருக்கிக் கண்ணு அடிச்சுக் குடு."

பூபதி லென்சை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் இலைமாலை சூடிய அரசனின் தலை. மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண். ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. இதே போன்ற காசை அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குள் அவர் பார்த்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் முன்னால்தான் நின்றார்.

'அம்மனை நெருப்பில் போடலாமா?' என்று கேட்டிருந்தால் அத்தோடு காரியம் முடிந்திருக்கும். அந்தப் பொய் அவர் வாயில் வரவில்லை.

"அம்மன் இல்லீங்க. ரோமாபுரிக் காசு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துனது. ராசா தன்னைப் பெத்தவளைச் சாமியாட்டம் உக்கார வெச்சுக் காசுல அடிச்சிருக்கான்னு படிச்சவங்க சொல்றாங்க. உருக்குனாப் போச்சுங்க. சர்க்கார்ல ஒப்படைக்கோணும்."

சின்னாயியின் முகம் கறுத்தது. "அப்ப என்ற வேண்டுதல்? நாளைக்கு ஆத்தா முன்னால வெறுங்கையோட நிக்கறதா? கதை சொல்லி அமுக்கப் பாக்கறயா?"

பூபதி காசுகளை சின்னாயியின் முந்தானையிலேயே போட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி, இடுப்பிலிருந்த தன் வெள்ளி அரைஞாணைக் கழற்றினார். மூசையில் போட்டு நெருப்பை ஊதினார்.

"அட, என்ன சாமி பண்றே!" என்று சின்னாயி பதறினார்.

"கண்ணுக்கு இது போதுமுங்க."

சாயங்காலத்துக்குள் இரண்டு கண்மலர்கள் தயாராகிவிட்டன. சின்னாயி அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு காசை எடுத்து, கிளை பிடித்த பெண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"பெத்தவளையா காசுல அடிச்சிருக்கான்?"

"ஆமாங்க."

"பூசை முடிஞ்சதும் தாலுகா ஆபீசுக்குப் போலாம். நீயும் வா சாமி. நான் சொன்னா எவன் நம்புவான்? ஆனா அரைஞாண் இல்லாம உன்ற வேட்டி நிக்குமா?"

"நிக்குமுங்க. வாரேன்" என்றார் பூபதி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே.